ஏரி நிறைந்திருந்த படம்

வட ஆற்காட்டிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்தது எண்பத்தொன்பதில். எங்கள் வீட்டில் அந்த வருஷத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அண்ணன் வெளிநாட்டுக்குப் போன வருஷம் என்றால்தான் அம்மாவுக்குப் புரியும். கலெக்டர் ஆபீஸ் வேலூரை விட்டு எங்கள் பக்கம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவளைப் பொறுத்தவரை அந்த வருஷம் வீட்டில் ஒரு ஆள் குறைந்தான், அவ்வளவுதான்.

அவன் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னால், தீபத் திருவிழாவுக்காகத் திருவண்ணாமலையில் போட்டிருந்த பொருட்காட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான் அப்போது பிளஸ் டூ. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, பெரிய அப்பளத்தைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு அரங்காகப் பார்த்து வந்தோம். ஒன்றில் வீரிய விதை, ஒன்றில் குடும்பக் கட்டுப்பாடு. அடுத்ததில் அந்தப் படம் தொங்கியது. ஆள் உயரத் தாள். சிவப்பும் கறுப்பும் சாம்பலும் திட்டுத் திட்டாக இருந்தன.

"இன்னா இது, ஊரே பத்திகினு எரியுது?" என்றான் அண்ணன்.

அரங்கில் இருந்தவர் சிரித்தார். "எரியலப்பா. செயற்கைக்கோள் மேலருந்து எடுத்த படம். கண்ணுக்குப் பச்சையா இருக்கற பயிரு, மரம் எல்லாம் இதுல செவப்பா வரும். கருப்பா இருக்கறது தண்ணி. இதோ, மலை."

"அப்ப எங்க ஊரு எங்க?"

அவர் விரலால் தாளின் மேல் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அதற்குள் பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு அடுத்த அரங்கில் விட்டுவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். ஆகாயத்திலிருந்து படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு நம் ஊரைக் காட்டத் தெரியவில்லையே என்று அவனுக்கு ஒரே ஆற்றாமை.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் புவியியல் படிக்க முடிவு செய்தேன் என்று பின்னாளில் பல இடங்களில் நான் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும் என்பதற்காகச் சொன்னது. உண்மையில் மற்ற பிரிவுகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. புவியியல் படித்து, சென்னையில் இந்தச் செயற்கைக்கோள் படங்களைப் பற்றியே ஒரு டிப்ளமோவும் முடித்து, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஊருக்கே திரும்பி வந்தேன்.

இதற்கிடையில் அப்பா போய்விட்டார். அண்ணனால் வர முடியவில்லை. முதல் கம்பெனியில் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று அவன் வேறு இடத்துக்கு மாறியிருந்தான். பாஸ்போர்ட் பழைய முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. போகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். காரணமெல்லாம் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், "பாஸ்போட்டு பெருசா, பெத்தவன் பெருசா?" என்று கேட்பதை அவள் விடவில்லை. அவளுடைய சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு வர முடியவில்லையா, வர மனசில்லையா? வீட்டுக்குப் போன் வந்த பிறகு, அவன் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவான். ஒவ்வொரு பேச்சிலும் அவள் அதைத்தான் தூண்டில் போட்டுப் பார்ப்பாள்.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு சிறிய அமைப்பு நடந்துவந்தது. அதன் தலைவர், ஏரி கால்வாய் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். அவருக்கு ஒரே கனவு. மாவட்டத்தின் ஏரிகளையெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் காட்டி, அதை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அப்போதெல்லாம் அப்படி ஒரு படம் வேண்டுமென்றால் மனு எழுதி, பணம் கட்டி, காத்திருந்து, சிடியில் வாங்க வேண்டும். வாங்கினாலும் அதைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஏரிக்கரையில் குடியிருப்பவனுக்குத் தன் ஏரியைப் பார்க்கும் வழி இல்லை.

ஆட்கள் மூன்றே பேர். தலைவர், செங்கத்திலிருந்து வரும் புரோகிராமர், நான். சமையலறையில் மேடை இருந்தது, சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி இருந்தது. எனவே சர்வர் சமையல் மேடைக்குப் போனது. "சர்வர் எங்கம்மா?" என்று பார்க்க வருபவர்கள் கேட்டால் "அடுப்பாங்கரையில்" என்போம். யாரும் நம்ப மாட்டார்கள்.

என் வேலை படத்தையும் தரையையும் பொருத்துவது. மேலிருந்து எடுத்த படத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. ஏரிக்கரை வளையும் இடம், ரோடுகள் சந்திக்கும் இடம் என்று படத்தில் அடையாளம் பிடித்து, அந்த இடத்துக்கே பஸ்ஸிலும் நடையிலும் போய் நின்று, இதுதான் அது என்று உறுதி செய்து வர வேண்டும். ஏரிகளின் பெயர்களைக் கேட்டு வர வேண்டும். ஒரே ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு பேர், அந்தக் கரையில் ஒரு பேர் இருக்கும். இரண்டையும் போட்டுவிடுவேன். வெயிலில் கறுத்துப்போய் சாயங்காலம் ஆபீஸ் திரும்பினால் புரோகிராமர் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து, "மேடம் ஏரிய அளந்துட்டு வந்துட்டாங்க" என்பார். அவரைக் கொன்றால் என்ன என்று தோன்றும். ஆனால் இன்று நினைத்தால் என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

அவர் வேலை படத்தை வெட்டுவது. முழுப் படத்தை அப்படியே அனுப்பினால் அன்றைய மோடத்தில் வந்து சேர்வதற்குள் பார்ப்பவன் எழுந்து போய்விடுவான். அதனால் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, பார்க்கிற இடத்துக்கு வேண்டியதை மட்டும் அனுப்ப வேண்டும். மோடம் கீச்சிட்டுக் கத்தி ஓய்ந்ததும் ஒரு சதுரம் வரும். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துச் சதுரம் வரும். முதல் தடவை மலை முழுசாகத் திரையில் சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம். பக்கத்து வீட்டிலிருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "பிரம்மா அன்னமா பறந்து போயும் பாக்க முடியாத முடிய நீங்க ரூமுக்குள்ள உக்காந்துகினு பாத்துட்டீங்களா?" என்றார். பிறகு புரோகிராமரைக் காட்டி, "அப்ப இவருதான் சாட்சி சொன்ன தாழம்பூ" என்றார். அன்றிலிருந்து புரோகிராமருக்குத் தாழம்பூ என்றே பெயர். பொய்ச் சாட்சிக்குச் சாபம் வாங்கின பூவின் பெயரை வைத்துவிட்டார்களே என்று அவருக்குக் கோபம். கோபப்பட்டதால்தான் பெயர் நிலைத்தது.

இன்டர்நெட்டில் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டோம். ஆனால் யாருக்கும் தெரியாத பக்கம் இருந்தென்ன? ஒரு பௌர்ணமி சாயங்காலம் கிரிவலம் போகும் கூட்டத்துக்குக் காட்டலாம் என்று அடி அண்ணாமலையில் ஒரு பந்தலில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தோம். சுண்டல் கடைக்கும் மோர்ப் பந்தலுக்கும் நடுவில். கூட்டம் வந்தது. ஆனால் ஒருவருக்கும் தங்கள் ஊர் அகப்படவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் சாய்க்கிறார்கள், அந்தப் பக்கம் சாய்க்கிறார்கள். ஒரு பெரியவர் சுற்றிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நாங்கள் பாடப் புத்தகத்தில் சொன்னபடி வடக்கை மேலே வைத்திருந்தோம். எங்கள் ஆட்களுக்கு வடக்கு எதற்கு? மலை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். கீழ்பென்னாத்தூர்க்காரனுக்கு மலை மேற்கே, செங்கத்துக்காரனுக்குக் கிழக்கே. அவரவர் வாசலில் நின்று மலையைப் பார்த்து, அதற்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் ரோடு என்றுதான் ஊரை மனசில் வைத்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு ஊருக்கும் மலை மேல் பக்கம் வர்ற மாதிரி படத்தத் திருப்பணும்" என்றேன்.

"மேடம், உலகமே வடக்க மேல வச்சுகினு இருக்குது. நாம மட்டும் இன்னா தனி?" என்றார் தாழம்பூ.

"உலகம் நம்ம பக்கத்தப் பாக்க வரப்போறதில்ல. நம்ம ஜனங்க பாக்கட்டும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். ஒவ்வொரு ஊரின் படத்தையும் தனித்தனியாகத் திருப்பி, மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. திரையில் ஒரு பொத்தான் வந்தது: மலையை மேலே வை. அதை அழுத்தியதும் ஜனங்கள் "அதோ நம்ம ஏரி" என்று கத்துவதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பந்தலில் இன்னொன்றும் நடந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர், "நாங்க இப்ப நடக்கறது தெரியுதா?" என்று கேட்டார்கள். ஒரு பெண் பந்தலுக்கு வெளியே போய் நின்று மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். உள்ளே நின்ற அவள் புருஷன் திரையில் அவளைத் தேடினான். நாங்கள் சிரித்தோம். படம் எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பார்ப்பவர்களுக்கு அது தோன்றவேயில்லை. எங்கள் ஊரில் பார்ப்பது என்றால் தரிசனம். நேரே பார்க்கிறோம், இந்த நிமிஷம் பார்க்கிறோம். தரிசனத்தில் பழையது என்று ஒன்று கிடையாது.

அண்ணனிடம் அந்தப் பொத்தானைப் பற்றிப் போனில் சொன்னேன். அவன் இருந்த நகரத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டன. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது.

"பாப்பா, கண்டுபுடிச்சிட்டேன்! ஏரி தெரியுது. கர தெரியுது. நம்ம கொல்லி, நெலம் பக்கமெல்லாம் ஒரே செவப்பு. அன்னிக்கி அந்தாளு காட்ட முடியாம முழிச்சானே, ஞாபகம் இருக்கா?"

ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலில் பிரவுசிங் சென்டர், பிறகு போன் என்று அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. ஏரி என்ன ஆச்சு, கரைமேல் பனைமரங்கள் இருக்கின்றனவா என்று கேட்பதில்லை. அவனே எங்களுக்குச் சொல்வான். "ஏரி ரொம்பிக் கெடக்குது இல்ல?" என்பான். நாங்கள் வைத்திருந்தது நல்ல மழை பெய்த வருஷத்தின் படம். தலைவர் தேடிப் பிடித்து வாங்கியது. கறுப்பு மசியைக் கொட்டியது போல் ஏரி, சுற்றிலும் நல்ல சிவப்பில் நெல்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் போனது, அடுத்த வருஷமும் அப்படியே. ஏரியில் முதலில் பொடிசுகள் மீன் பிடித்தார்கள், பிறகு மாடு மேய்ந்தது, பிறகு மேய்வதற்கும் ஒன்றுமில்லை. எங்கள் கிணறு அடி தட்டியது. நிலக்கடலை போட்டது முளைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அம்மா கறவை மாட்டை விற்கும்படி ஆயிற்று. அதை அவள் பிள்ளையிடம் போனில் சொன்ன அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். இந்தப் பேச்சை நான் மறக்க மாட்டேன்.

"தண்ணியே இல்லடா. குடிக்கறதுக்கே லாரி வந்தாத்தான். ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போடா."

"இன்னாம்மா நீ. இப்பத்தான் பாத்துட்டு வரேன். ஏரி தளும்பிகினு இருக்குது."

"நான் சொல்றேன் இல்ல?"

"கண்ணால பாத்தேம்மா. என்ன வர வெக்கறதுக்காக எதுனா சொல்லாத. எனக்கும் மனசு இருக்குது."

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். படம் பழையது, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தது என்று நான் அவனிடம் சொன்னேன். "அத மொதல்லயே போடறதுக்கு இன்னா?" என்று அவன் என் மேல் பாய்ந்தான். அப்புறம் நம்பினானா, அம்மாவுக்காக நானும் சேர்ந்துகொண்டேன் என்று நினைத்தானா, தெரியவில்லை. லைன் போய்விட்டது.

வெளியே அம்மா காலி மாட்டுக் கொட்டகையில் நின்றாள். "இவ்ள நாளு வரலன்னாலும் நான் சொன்னா நம்புவான்னு இருந்தேன்" என்றாள். "நான் வாயால சொல்றது பொய்யி, உன் படம் நெசம். அந்தப் படத்த எடுத்துடு."

எடுக்க முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அது எங்கள் வீட்டு ஏரி மட்டுமில்லை. ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுத்த நாள் காலை ஆபீசுக்குப் போனதும் தலைவர் முன்னால் நின்றேன். புதுப் படம் வாங்க வேண்டும், வறண்ட ஏரிகளைப் போட வேண்டும், ஒவ்வொரு படத்தின் மேலும் எடுத்த மாதமும் வருஷமும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

அவர் நல்ல மனுஷர். ஆனால் ஏரி நிரம்பிய அந்தப் படத்தின் மேல் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி ஆசை. "வெளியூர்லருந்து பாக்க வரவங்க எவ்ளோ சந்தோஷப்படறாங்க. வெள்ள வெளேர்னு காஞ்சு கெடக்கறத யாருக்கும்மா காட்டப்போற?" என்றார்.

"ஏரிக்கரையில இருக்கறவனுக்கு சார். இது இன்னா கல்யாண ஆல்பமா, நல்லா இருக்கறத மட்டும் ஒட்டி வைக்க?"

கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். தாழம்பூ குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் தானே வந்து, "பழசையும் வெச்சுக்கலாம், புதுசையும் போடலாம் இல்ல?" என்று கேட்டார். இரண்டுக்கும் சர்வரில் இடமில்லை என்றார் தாழம்பூ. சமையல் மேடையில் இருந்த அந்தப் பெட்டியின் வசதி அவ்வளவுதான். ஒன்றைத்தான் வைக்க முடியும். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப புதுசு" என்றார்.

புதுப் படம் வந்து, பொருத்தி, வெட்டி, ஏற்றி முடிக்கச் சில மாதங்கள் ஆயின. எங்கள் ஏரி இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெளிறல். சிவப்பு என்று தேடினால் கரையோரம் ஒரு கோடு மட்டும். அது சீமைக் கருவேலம், எங்கள் பக்கத்து வேலிக்காத்தான். எவ்வளவு காய்ந்தாலும் அது மட்டும் சிவப்பாகத்தான் இருக்கும். மேலே தேதியை நானே கொட்டை எழுத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"பாப்பா, ஏரி எங்க போச்சு?"

நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். "அம்மாகிட்ட குடு" என்றான்.

அம்மா எதிரில்தான் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனை நீட்டினேன். அவள் தலை நிமிரவில்லை. "படத்துகிட்டயே பேசச் சொல்லு" என்றாள்.

நான் போனைக் கையால் பொத்துவதற்குள் அது அவன் காதில் விழுந்துவிட்டது.

அதன் பிறகு அவள் பேசவேயில்லை. அவன் கூப்பிடுவான், நான் பேசுவேன், அம்மா எங்கே என்பான், அவள் எழுந்து போய்விடுவாள். உலகத்துக்கே திறந்து வைத்த பக்கம் எங்கள் வீட்டில் ஒரு கதவைச் சாத்திவிட்டதே என்று நான் தனியாக அழுதிருக்கிறேன். அவனும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிரவுசிங் சென்டருக்குப் போவதை விடவில்லை. "இன்னும் அதே படம்தானா?" என்று மட்டும் கேட்பான்.

எங்கள் இன்டர்நெட் பக்கத்துக்கும் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படமாக எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. எங்கள் படத்தில் ஒரு புள்ளிக்குள் எங்கள் வீடு, கொட்டகை, எதிர்வீடு எல்லாம் அடங்கிவிடும். அவர்கள் படத்தில் கூரைகளை எண்ணலாம். பச்சை பச்சையாகவே தெரிந்தது. தாழம்பூ வெகு நேரம் பார்த்துவிட்டு, "நாம தோத்துட்டோம் மேடம்" என்றார். பிறகு, "ஆனா மலைய மேல வெக்கத் தெரியல அவங்களுக்கு" என்றார். சில மாதங்களில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அந்தச் சமையலறையை இப்போது நினைத்தாலும் மோடத்தின் அந்தக் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்கிறது.

அவர் கிளம்புவதற்கு முன்பு ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணன் கூப்பிட்டபோது, அவன் தங்கியிருக்கும் இடத்துக்கு வழி கேட்டேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து நேரே பெரிய ரோடு, ரவுண்டானா தாண்டி சிமென்ட் கிடங்கு, அதன் பின்னால் எங்கள் கேம்ப் என்றான். மறுநாள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் படத்தில் அதே வழியில் மேலிருந்து தேடிக்கொண்டு போனேன். கிடைத்தது.

அம்மாவுக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. போய்விட்டுத் திரும்பும்போது அவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். அதுவரை அவள் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்பது அவள் வீம்பு.

"இது நம்ம ஊரு இல்ல" என்றேன். "இது அண்ணன் இருக்கற எடம்."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே குனிந்தாள். மணல் நிறத்தில் ஒரு பெரிய வெளி. அதன் நடுவில் நீள நீளமாகத் தகரக் கூரைகள், வரிசையாக. ஒவ்வொன்றும் அடுத்ததைப் போலவே. சுற்றிலும் மதில். அந்தப் பக்கம் லாரிகள். அவ்வளவுதான்.

"இதுல எது அவன் வீடு?"

"ஏதோ ஒண்ணும்மா. எல்லாம் ரூம் ரூமா இருக்கும். ஒரு ரூமுல பல பேரு."

நான் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். இன்னும் மணல். இன்னொரு பக்கம் நகர்த்தினேன். கிடங்கு, ரோடு, மணல். அம்மா திரையில் எதையோ தேடினாள். அவள் விரல் கண்ணாடியின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

"ஒரு மரங்கூட இல்லையேடி" என்றாள்.

"இல்லம்மா."

"இத்தினி வருஷமாவா இங்க இருக்கான்?"

தாழம்பூ எழுந்து டீ வாங்கப் போனார். அம்மா அந்தத் தகரக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது.

"லீவு நாள்ல இங்கருந்து எழுந்து போயி நம்ம ஏரியப் பாத்துகினு உக்காந்திருக்கான்" என்றாள் கடைசியாக. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏண்டி அந்த நல்ல படத்த எடுத்த?" என்றாள்.

"எடுக்கச் சொன்னது நீதான."

"நான் சொன்னா எடுத்துடுவியா?" என்றாள். அவள் கோபமெல்லாம் இப்போது என் மேல்.

அந்த வெள்ளிக்கிழமை போன் மணி அடித்தபோது நான் எழுவதற்குள் அம்மா போய் எடுத்துவிட்டாள். ஆடி மாதம். ஒரு துளி மழை இல்லை. திறந்திருந்த கதவு வழியாக தண்ணீர் நிற்க வேண்டிய ஏரியின் உள்வாய் தெரிந்தது. பையன்கள் அங்கே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து விழும் இடத்தில் எல்லாம் புழுதி எழும்பியது.

எங்கள் வீட்டுப் போனில் மறுமுனையில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். "அம்மா?" என்றான் அவன். நம்பாமல் இன்னொரு தடவை, "அம்மாவா?" என்றான்.

"நான்தாண்டா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

அப்புறம் அம்மா வாசலைப் பார்த்து, அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏரி ரொம்பிடுச்சுடா."

அவன் ஒவ்வொரு வாரமும் பார்க்கும் பக்கத்தில் வறண்ட ஏரிதான் இருந்தது. அது பழைய படமென்று நினைத்துக்கொள்ளவும் அவனுக்கு வழியில்லை. போன வாரம்தான் மழை உண்டா என்று என்னிடம் கேட்டான். இல்லை என்று நான் சொல்லியிருந்தேன்.

"ஆமாம்மா" என்றான் அண்ணன். "நானும் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். கலங்கல்ல தண்ணி வழிஞ்சு வெளிய போவுதா?"

"போவுது, போவுது. ரோட்டுல கால் வெக்க முடியல" என்றாள் அம்மா. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசினாள்.